ரங்காவின் மாவுக்கட்டு

மல்லேஸ்வரத்தில் மாடிவீடு கட்டுகிறவர்கள் படிக்கட்டில்தான் முதலில் சிக்கனம் பார்க்கிறார்கள். கூடத்தைப் பெரிதாக எடுப்பார்கள், பூஜை அறைக்குத் தாராளமாக ஒதுக்குவார்கள், மிச்சமிருக்கும் மூலையில் ஒரு குறுகலான படியைச் செருகி, ஏறிக்கொள் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். என் தகப்பனார் கட்டியது. குறை சொல்லக்கூடாது.

இன்ஸ்பெக்டர் சார், உங்களுக்குத் தமிழ் தெரிந்திருப்பது சௌகரியமாயிற்று. கன்னடத்திலும் சொல்லியிருப்பேன், ஆபீசில் அதில்தான் புழங்குகிறேன். ஆனாலும் வீட்டு விஷயத்தை வீட்டு மொழியில் சொல்வதுதான் முறை.

என் பெயர் தேசிகன். விதான சௌதாவில் ஒரு செக்ஷனுக்கு சூப்பரின்டெண்டாக இருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு மைசூர் சமஸ்தான உத்தியோகம். எங்கள் குடும்பத்து ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தாத்தாவின் நாற்காலி அவர் உட்கார்ந்த இடத்தில் குழிந்திருக்கிறது. வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவோம்.

அப்படிப்பட்ட வம்சத்தில் ரங்கா பிறந்தான். இப்போது எட்டு வயது. ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் வாசல்வரை போய் வருவான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பாதியில், "அப்பா, பல்லிக்கு வேர்க்குமா?" என்பான். பென்சில் தொலையும், தொப்பி தொலையும், ஒரு கால் செருப்பு மட்டும் தனியாகத் தொலையும். தூக்கத்தில்கூட அவன் கால் ஓடிக்கொண்டிருக்கும். நான் அடித்ததில்லை. அடிப்பது படிக்காதவர்கள் செய்வது.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நோரா மிஸ் என்று ஒரு டீச்சர். கண்டோன்மெண்ட் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். ஒருநாள் என்னை வரச்சொன்னாள். புகார் சொல்லப்போகிறாள் என்று நினைத்துப் போனேன்.

"ரங்கா கெட்ட பையன் இல்ல சார். உட்கார்றதுதான் அவனால முடியல. ஒரு சாக்பீஸ் கொண்டாடான்னா பறந்து போய்க் கொண்டாறான். அதான் பெல் அடிக்கிற வேலைய அவங்கிட்ட குடுத்திருக்கேன். அடிச்சிட்டு வந்தா கொஞ்ச நேரம் ஒழுங்கா கணக்கு போடறான்."

"பெல் அடிப்பது பியூன் செய்கிற வேலை," என்றேன்.

"அவனுக்கு அது பிடிச்சிருக்கு சார்."

சூப்பரின்டெண்டின் மகனுக்குப் பியூன் வேலை பிடித்திருக்கிறது என்று ஒரு டீச்சர் முகமலர்ச்சியோடு சொல்கிறாள். நாட்டில் கல்வி எந்த நிலைமையில் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மறுநாளே தலைமையாசிரியரைப் பார்த்து அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன்.

பிறகு எங்கள் குடும்ப டாக்டர் சேஷகிரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பரிசோதித்துக்கொண்டிருந்தபோதே ரங்கா ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கித் தன் முழங்காலில் வைத்துக் கேட்டான். டாக்டர் சிரித்தார்.

"ஹுடுக, அதான் பையன், நன்னாவே இருக்கான் சார். சாயங்காலம் கிரவுண்டுல ஓட விடுங்க. வயசு ஏற ஏற அடங்குவான். உங்களுக்கு அவசரம்னா ஒரு மிக்ஸ்சர் எழுதித் தரலாம். குடிச்சா சாதுவா இருப்பான், ஆனா மந்தமாவும் போயிடுவான். எனக்கு அதுல இஷ்டமில்ல. அமெரிக்காவுல இந்த மாதிரிப் பசங்களுக்கு ஏதோ மாத்திரை குடுத்துப் பாக்கறாங்களாம். தூக்கம் வராம இருக்கப் பெரியவங்க சாப்பிடற மாத்திரை, அதைக் குடுத்தா இவங்க அடங்கறாங்களாம். நமக்கெல்லாம் அது எப்ப வருமோ."

மருந்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை அங்கேயே சொன்னேன். வளரும் பிள்ளையின் மூளையில் ரசாயனத்தை ஊற்றி அடக்குவது காட்டுமிராண்டித்தனம். எங்கள் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவே செய்திருக்கிறேன். நல்ல கைதட்டல். கிரவுண்டைப் பொறுத்தவரை, ஓடுகிற வியாதிக்கு ஓட்டத்தையே மருந்தாகச் சொல்லும் வைத்தியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆக இரண்டுமில்லாத ஒரு வழி இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எது என்றுதான் தெரியவில்லை.

மழைக்காலத்தில் தெரிந்தது. யாரோ விட்ட பட்டத்தின் வாலைப் பிடிக்க ரங்கா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தான். நான் சொன்னேனே, குறுகலான படி. வலது கால் முறிந்தது. அந்த முதல் தடவைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவனை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் சட்டையெல்லாம் அவன் கண்ணீர். டாக்டர் மௌரீன் என்று ஓர் அம்மாள், தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

முதல் இரண்டு நாள் அழுதான். பிறகு ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தே இருந்தான். வேறு போக்கிடமில்லாததால் புத்தகத்தை எடுத்தான். பாதியில் நின்ற வாய்ப்பாடுகளெல்லாம் முடிந்தன. கையெழுத்து கோட்டுக்குள் வந்தது. ஆபீசிலிருந்து வந்ததும் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு கதை படித்துக் காட்டுவேன். கமலா ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுப்பேன். "இன்னும் ஒரு கதைப்பா," என்று என் கையைப் பிடித்துக்கொள்வான். அந்த எட்டு வருஷத்தில் என் மகனிடம் நான் பேசியதெல்லாம் ஓடாதே, தொடாதே, இறங்கு என்பவைதான். முதன்முறையாக நாங்கள் பேசிக்கொண்டோம். அவன் புத்திசாலி, சார். எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

எங்கள் டெபுடி செக்ரட்டரி ஒருநாள் பிள்ளையைப் பார்க்க வந்தார். ரங்கா கைகூப்பி வணங்கிவிட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். "தேசிகன், பிள்ளை வளர்ப்பது என்றால் இப்படி வளர்க்கவேண்டும்," என்றார் அவர். அவர் சாமானியத்தில் யாரையும் பாராட்டுகிறவர் அல்ல.

பிறகு கட்டைப் பிரித்தார்கள். கொஞ்ச காலம் நொண்டினான். ஒரு காலை கோமளம் கூடத்தில் நின்றுகொண்டு, "ஏன்னா, சீக்கிரம் வாங்கோ, கொழந்தை ஓடறான் பாருங்கோ," என்று கூப்பிட்டாள். அன்று சர்க்கரைப் பொங்கல் செய்து தெருவுக்கே கொடுத்தாள். கோமளம் என் மனைவி. நல்லவள், முன்யோசனை போதாது. நானும் பொங்கல் சாப்பிட்டேன். சாய்வு நாற்காலி ஜன்னலோரம் காலியாகக் கிடந்தது.

தசராவுக்கு டெபுடி செக்ரட்டரி வீட்டில் பொம்மை வைத்திருந்தார்கள். ஒன்பது படி, உச்சியில் ராஜா ராணி. எல்லோரும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது ரங்கா படிகளுக்கு அடியில் புகுந்திருக்கிறான், உள்ளே ரயில் இருக்கிறதா என்று பார்க்க. அத்தனை படியும் சரிந்தது. தசாவதாரத்தில் கூர்மமும் கல்கியும் மட்டும் மிஞ்சின. அந்த வீட்டு அம்மாள் அழுதாள். டெபுடி செக்ரட்டரி கோபப்படவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக, "தேசிகன், அன்றைக்கு நான் பார்த்த பையன் எங்கே?" என்றார்.

நியாயமான கேள்வி. வீடு திரும்பும்வரை அதையே யோசித்தேன். அந்தப் பையன் எங்கே. அவன் இருந்தான், நான் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறேன். அவனை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல்தான். அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய பிரமோஷன் வேறொருவருக்குப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் கேட்பீர்களே என்று சொல்கிறேன்.

கோமளம் பயந்துபோய் எனக்குத் தெரியாமல் டாக்டர் சேஷகிரியிடம் அந்த மிக்ஸ்சரை வாங்கி வந்திருந்தாள். மாடத்தில் கண்டுபிடித்தேன். "பெற்ற பிள்ளைக்கு விஷம் கொடுப்பாயா?" என்று கேட்டுச் சாக்கடையில் ஊற்றினேன். அவள் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தேன்.

அந்தச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும், கிண்ணத்தில் மிச்சமிருந்த விளக்கெண்ணெயை மேலிருந்து மூன்றாம் படியில் தடவினேன். கீழே வந்து நின்றுகொண்டு, "ரங்கா, வா, பட்டம் வாங்கப் போகலாம்," என்று கூப்பிட்டேன். நடந்து வந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும். படியில் ஓடாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்றும் அவன் நடந்து வந்திருந்தால் பட்டம் வாங்கித்தான் கொடுத்திருப்பேன்.

சாயங்காலம் கோமளம் படியைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தாள்.

"படியில எண்ணெய் எப்படி வந்தது?"

"சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் இல்லாமல் இருக்குமா?" என்றேன்.

அவள் சீயக்காயைப் போட்டு எல்லாப் படியையும் தேய்த்துக் கழுவினாள். அதிலிருந்து அதிகம் பேசுவதில்லை.

இரண்டாவது கட்டு முதலாவதைவிட நன்றாக வேலை செய்தது. அரைப் பரீட்சை எழுத ரிக்ஷாவில் அனுப்பினேன். வகுப்பிலேயே முதலாவதாக வந்தான். ஊரில் எல்லோரும் கேட்டார்கள், எந்த டியூஷன் வாத்தியார் என்று. வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். நோரா மிஸ் மட்டும் வீட்டுக்கு வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இவன் இல்லாம கிளாஸ் நல்லாவே இல்ல சார்," என்றாள். சிலருக்கு ஒழுங்கு என்பதே பழக்கமில்லை.

சங்கராந்திக்குள் அதையும் பிரித்துவிட்டார்கள். ரங்கா மாறித்தான் இருந்தான், ஒப்புக்கொள்கிறேன். படியில் ஓடுவதில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகக் கையால் தடவிப் பார்த்து இறங்குவான். ஆனால் தெருவுக்குப் போய்விட்டால் பழையபடிதான். பாடம் படிக்கும்போது மேஜைக்கடியில் கால் ஆடும். முழுப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு டானிக்கும் பாதாம் பருப்பும் வாங்கிக் கொடுக்கிற தகப்பன்மார் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஸ்டேஷனுக்கு அழைப்பதில்லை.

கோமளம் கோயிலுக்குப் போயிருந்தாள். ரங்கா மேல்படியில் உட்கார்ந்து, கையை நீட்டி அடுத்த படியைத் தடவிக்கொண்டிருந்தான். எண்ணெய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக எழுந்து நின்றான். நான் பின்னால் இருந்தேன். அவன் முதுகில் கை வைத்தேன். தள்ளினேன் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணையில்லை, சட்டத்தில் அந்தச் சொல்தான் இருக்கும். விழுவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தான். கத்தவில்லை. கட்டுப்பாடு அதற்குள்ளேயே வர ஆரம்பித்திருந்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் மூன்றாவது கட்டைப் பிரிக்க டாக்டர் மௌரீன் கத்தரிக்கோலோடு வந்தாளாம். பிள்ளை இரண்டு கையாலும் கட்டைக் கட்டிக்கொண்டு, "பிரிக்காதீங்கோ டாக்டர். கட்டு இருந்தா அப்பா கதை சொல்வார். பிரிச்சா மறுபடியும் படிக்குப் போகணும்," என்று அழுதானாம். இதைக் கேட்டுத்தான் அந்த அம்மாள் உங்களிடம் வந்திருக்கிறாள். நான் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். தனக்கு எது நல்லது என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது.

பிரித்துப் பார்த்ததில் அந்தக் கால் இனி கொஞ்சம் குட்டையாகவே இருக்கும், ஓட்டமெல்லாம் சிரமம் என்றும் அவள் சொன்னாளாம். குமாஸ்தா உத்தியோகத்துக்கு ஓட்டம் தேவையில்லை.

நீங்கள் இன்று காலை அவனை இங்கே உட்காரவைத்துக் கேட்டபோது, அவன் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். "யாராவது தள்ளினாங்களா?" என்று கேட்டீர்கள். "இல்ல சார். நானேதான் விழுந்தேன். அப்பா ஒண்ணும் பண்ணல," என்றான். நீங்களும் வேறு வழியில்லாமல் எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவன் சொன்னது பொய். இந்த வயதில் பொய் பழகிவிட்டால் பிறகு திருத்தவே முடியாது. ஆகவேதான் கோமளத்தோடு அவனை அனுப்பிவிட்டு, நான் திரும்பி வந்து உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மூன்று முறிவில் இரண்டு என்னால் ஆனவை.

அந்தப் பொய்யைத் தவிர, இன்று அவன் நடந்துகொண்ட விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் கவனித்திருப்பீர்கள். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தவன் பேச்சு முடியும்வரை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. வாசலில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான், தலை திரும்பவில்லை. காலில் கட்டுகூட இல்லை, சார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல், எங்கள் தாத்தா மாதிரி உட்கார்ந்திருந்தான். பெற்றவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.