போன் லாக்கரில் இருந்தபோது

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என் ராப் வீடியோ வைரல் ஆனப்போ போனு லாக்கர்ல கெடந்துது. நான் லைன்ல ஸ்க்ரூ முடுக்கிகினு இருந்தேன்."

"அப்ப ஷிப்ட் முடிஞ்சுதான் பாத்தியா?"

"ஆமா. பாதி பேரு சூப்பர்ன்றான், மீதி பேரு மூஞ்சப் பாருன்றான்."

"அழுதியாடி?"

"இன்னாத்துக்கு? அவன்லாம் திட்டிகினு இருந்த நேரத்துல நான் மாஸ்க்குக்குள்ள அடுத்த பாட்டு கட்டிகினு இருந்தேன். அது நல்லா வந்துச்சு."

"இன்னிக்கு அதப் போடப் போறல்ல. லீவு எடுத்திருக்கலாமே."

"எடுத்தா நாள் பூரா போனயே பாத்துகினு கெடப்பேன். பாட்டு வராது."

கம்பெனி கேட்டில் பஸ் நின்றது. அவள் வீடியோவைப் போட்டாள். போனை அணைத்துப் பையில் வைத்தாள். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அதற்குள் உதடு அசைவது தெரிய இறங்கிப் போனாள்.