ஆள் தேவை, மாமியாரை அழைக்கவும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய சாயங்கால ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த லேபர் சூப்பர்வைசர் அலறினார்: "என் மாமியாராண்ட ஊரே வேல கேக்குது, மச்சான்!"

பக்கத்திலிருந்த நண்பர் கடலை மெல்லுவதை நிறுத்தினார். "இன்னா நைனா சொல்ற?"

"நாளைக்குக் காலைல இரும்பு கம்பெனில பத்து ஹெல்பர நிறுத்தணும். இல்லன்னா என்னியத் தூக்கிடுவாங்க. 'ஆள் தேவை'ன்னு எழுதி, சோஷியல் மீடியா ஆப்பு நாலுலயும் ஒரே அமுக்குல போட்டுட்டேன். மாமியாருக்கு ரீசார்ஜ் பண்ணக் காப்பி பண்ண நம்பரு, என் நம்பருக்குப் பதிலா ஒட்டிக்கினு பூட்ச்சு."

"திருத்திப் போடேன்."

"திருத்தித் திருத்தி அமுக்குனதுலதான் பேஜாரே! ரொம்ப வேகமா போடுற, அப்பால வான்னு நாலு ஆப்பும் கதவ சாத்திக்கிச்சு."

"மாமியாருக்குப் போன் போடு."

"எங்க? லைன் பிஸி!"

கேட்டுக்கொண்டிருந்த நானும் கடைசியாக யாருக்கு என்ன அனுப்பினேன் என்று என் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

பொன்னேரி தாண்டியதும் சூப்பர்வைசரின் மனைவி அழைத்தார். ஸ்பீக்கரில் பெட்டிக்கே கேட்டது.

"அம்மா பத்து பேர எடுத்துட்டாங்க. குடிக்கிறவன் வேணாம்னு ஒவ்வொருத்தனா விசாரிச்சுத்தான் எடுத்தாங்க."

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "தெய்வம்டி உங்கம்மா!"

"இரு, முடிக்கல. சூப்பர்வைசரு எப்டின்னு ஒருத்தன் கேட்டானாம். அவனும் குடிக்கிறவன்தான், சீக்கிரம் மாத்திடுவோம்னு சொல்லிக்கீறாங்க."