வெடித்த களிமண்ணுக்குக் கையெழுத்திட மறுத்த எங்கள் அக்காவுக்கு

மண்ணின் மனமறிந்த மாண்பே! களிமண்ணைக் கையில் உருட்டிய கணத்திலேயே ஈரம் இத்தனை விழுக்காடு என்று கணித்து, அடுப்பில் உலர்த்தி எடைபோட்டுக் கொண்டிருந்த எங்களை அசடுவழிய வைத்த அதிசயமே! முப்பத்தோராண்டு இம்மண் ஆய்வுக்கூடத்தின் முதுகெலும்பாய் நின்று, இன்று ஓய்வுபெறும் எங்கள் 'ஈரத்தக்கா'வே! வணக்கம்.

இவ்விடத்தில் உங்கள் பொறுமையைப் போற்றுவது முறை. போற்ற மாட்டோம். அந்தப் பொறுமையை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. உங்கள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் மேலாளர் மேல் அதைவிட ஆத்திரம். எங்கள் மேலேயே எங்களுக்கு வருவதோ எல்லாவற்றிலும் பெரிது.

அவையோரே, கேளுங்கள்! ஊர்க்குப்பை கொட்ட வெட்டிய பெருங்குழியின் அடியில், கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்காதிருக்க, முழங்கால் உயரத்துக்குக் களிமண் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கினோம். மறுநாளே அதன்மேல் விரிக்க வேண்டிய பிளாஸ்டிக் விரிப்பு பதினோரு நாள் வரவில்லை. வெயிலோ வஞ்சனையின்றி அடித்தது. "ஈரச் சாக்காவது போட்டு மூடுங்க சார். காஞ்சா சுருங்கும், சுருங்கினா வெடிக்கும்" என்று நீங்கள் நடையாய் நடந்தீர்கள். "காயட்டும்மா! காஞ்சா இன்னும் கெட்டியாத்தானே ஆகும்? நல்லதுதானே!" என்று சிரித்தார் மேலாளர். அடடா, என்ன அறிவு! எந்த ஈரம் மண்ணை நெருக்கமாய் இறுக்கியதோ, அதே ஈரம் வெளியேறியதும் மண் சுருங்கி, விரல் நுழையுமளவுக்கு வெடித்துக் கிடந்தது.

பிறகு நடந்ததுதான் கூத்து. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, மறுபடி உருளையை ஓட்டினார்கள். மேற்பரப்பு மெழுகியதுபோல் மூடிக்கொண்டது. பார்வையிட வந்தவர்கள் பாராட்டிவிட்டே போனார்கள். நீங்களோ, வெடிப்பிருந்த இடத்தில் ஒரு சைக்கிள் கம்பியைக் குத்தினீர்கள். அது தடையின்றி ஒரு சாண் இறங்கியது. நீல மை கலந்த தண்ணீரை அங்கேயே ஊற்றிப் பக்கத்தில் தோண்டச் சொன்னீர்கள். ஓராண்டில் இரண்டு விரற்கடைக்குமேல் இறங்கக் கூடாத தண்ணீர், நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அடியைத் தொட்டிருந்தது! "வாயைத்தான் மூடியிருக்கு, வயிறு திறந்துதான் கிடக்கு" என்றீர்கள். "ஏற்கத்தக்கதன்று, அடிவரை கிளறி, ஈரம் சேர்த்து, மீண்டும் இறுக்குக" என்று அறிக்கை எழுதி வைத்துவிட்டு, சத்தமின்றி வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா, அக்கா? மேசையைத் தட்டியிருக்கக் கூடாதா?

கண் மருத்துவத்துக்காக நீங்கள் இரண்டு நாள் விடுப்பிலிருந்தபோது, மேலாளர் புதுத்தாள் ஒன்றை எங்கள் நால்வர் முன் வைத்தார். "அக்கா வந்துடட்டும் சார்" என்று முனகினோம். "அவங்க மாசக் கடைசியில போறவங்க. நீங்க இங்க இருக்கப்போறவங்க" என்றார். அவ்வளவுதான்! எல்லாம் சரியென்று எழுதியிருந்த அந்தத் தாளில் நால்வரும் கையெழுத்துப் போட்டோம். த்தூ, எங்கள் பிழைப்பு! நீங்கள் திரும்பி வந்து கோப்பைப் பார்த்தீர்கள். அதை மூடி வைத்துவிட்டு மண் தட்டுகளைக் கழுவப் போனீர்கள். நாங்கள் யாரும் அன்று உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை முதல் லாரி குப்பை கொட்டும். குழிக்குக் கீழே சரிவில் ஒரு தெரு, அந்தத் தெருவுக்கு ஒரே கிணறு. ஓய்வுக்காலத்தை மகளோடும் பேத்தியோடும் கழிக்க நீங்கள் கட்டிய வீடு அங்கேதான் இருக்கிறது. 'நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க' என்று இங்கே வாழ்த்த வேண்டுமாம். எந்த வாயால் வாழ்த்துவது?

ஆகவே, அன்பின் உருவே, ஆய்வின் திருவே! எங்கள் நால்வர் கையெழுத்தையும் திரும்பப் பெறுவதாக எழுதி, உங்கள் அறிக்கையையும் இணைத்து, குழிக்கு அனுமதி வழங்கும் அலுவலகத்தில் இன்று காலை நேரில் கொடுத்துவிட்டோம். மேலாளர் ஐயா, முத்திரையிட்ட நகல் உங்கள் மேசைமேல் இருக்கிறது. எங்கள் வேலை போனால் போகட்டும்.

சட்டமிட்ட இம்மடலின் அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறோம், அக்கா. அது வாழ்த்துக்கான இடம். அந்த மண்ணை அடிவரை கிளறி மறுபடி இறுக்கிய பிறகு, உங்கள் வீட்டுக்கு வந்து அதை எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
இம்முறை யாருக்கும் அஞ்சாமல் கையெழுத்திடும்
ஆய்வுக்கூடப் பணியாளர் நால்வர்