முந்தின நாளே எழுதிய லேபிள்

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது. என் தங்கை போட்டால் எப்போதும் ஒரு ஸ்பூன் கூடுதலாக இருக்கும். கேட்டால், "நீ சிரிக்கிறதே இல்ல, அதான்க்கா" என்பாள்.

அவளுடைய வியாதி உங்கள் விசாரணைக் குழுவுக்குத் தெரியும். திடீரென்று முழங்கால்கள் வீங்கும், காய்ச்சல் கொதிக்கும், பத்து நாள் படுக்கை. பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நடப்பாள். செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைட்டோகைன் என்ற தூதுப் புரதங்கள்தான் காரணம். எந்தத் தூது எந்தச் செல்லைத் தட்டி எழுப்புகிறது என்று அம்புக்குறி போட்டு வரைவது என் வேலை. ஆய்வகச் சுவரில் அந்த வரைபடம் எட்டு வருடமாகத் தொங்குகிறது. முதல் அம்பு இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கேள்விக்குறி. அதை அழிக்க, வீக்கம் தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தம் வேண்டும். எப்போது தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவள் வாழ்க்கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

"டெஸ்ட் பண்றேன்னு ஒரு மணி நேரம் என் கண்ணையே பாத்துட்டிருந்தார்க்கா. கடைசில பவரே இல்லையாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒருநாள் ஏதோ சின்னச் சண்டை. இனி பேசவேண்டாம் என்று அவர் போனை வைத்துவிட்டார். அவள் அழுதாள். ஆறு மணி நேரத்தில் முழங்கால் வீங்கியது.

ஒருமுறை நடந்தால் தற்செயல். அதனால் அவர்கள் சமாதானமான பிறகு, இந்த வியாதி பிள்ளைகளுக்கும் வரலாம் என்று அவரிடம் சொன்னேன். பொய் இல்லை, வரலாம்தான். அவர் தயங்கினார், அவள் அழுதாள், நான் ரத்தம் எடுத்தேன். மறுபடியும் ஆறு மணி நேரம். பிறகு நானே பேசி அவர்களைச் சேர்த்தும் வைத்தேன். அதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

மூன்று முறை ஒத்துப்போனால்தான் எங்கள் துறையில் நம்புவார்கள். மூன்றாவதற்கு, திருமணப் பதிவு நாளைத் தேர்ந்தெடுத்தேன். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் அவருக்குப் போன் செய்து, அவளுக்கு விருப்பமில்லை, முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கி என்னைச் சொல்லச் சொன்னாள் என்றேன். அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நம்பினார்.

பதிவு அலுவலக நடையில், புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் எடுக்காத போனைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். நான் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். அங்கேதான் சின்னத் தவறு. ரத்தம் பிடிக்கும் குழாய் குளிர்ந்துவிட்டால் லேபிளில் மை நிற்காது. முந்தின நாளே எழுதி ஒட்டிவிடுவது என் வழக்கம். அவள் ஒரு குழாயை எடுத்துப் படித்தாள். அன்றைய தேதி. 'மூன்றாம் அழுகை. தொடக்கம்: 11.15.'

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குக்கா" என்று கையை நீட்டினாள்.

பதினொன்றே கால் வரை காத்திருந்து எடுத்தேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். வரைபடத்தில் இப்போது கேள்விக்குறி இல்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்பதால், அவளிடம் ரத்தம் எடுத்த இரண்டு முறையும் அதே நிமிடத்தில் என் கையிலிருந்தும் எடுத்தேன். முடிவுகள் என் ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. என் ரத்தத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அவள்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இருந்திருந்தால், அதில் தெரிந்திருக்கும், இல்லையா?