தேய்க்கக் கூடாத இடம்

எண்ணெய் தேய்த்தால் எந்த வலியும் போய்விடும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, டாக்டர். முதுகோ முழங்காலோ, தேய்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை. அடிபட்ட முழங்கையை மட்டும் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் சதைக்குள் எலும்பு வளர்ந்துவிடும். அப்புறம் கை மடங்காது, நீளவும் நீளாது. சென்னையில் பிசியோதெரபி படித்தபோது முதல் வருடமே சொல்லித்தந்தார்கள். நான் மறக்கவில்லை.

இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நீங்கள் பழைய எக்ஸ்ரேக்களைப் பார்த்துவிட்டு, சங்கு குளிக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. புதுத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்களையும் உப்பளத்துப் பெண்களையும் விசாரித்துப் பாருங்கள், என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் யார் கையையும் பிடித்து இழுப்பதில்லை. அவர்களே அசைக்க வேண்டும், வலி தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பதுதான் என் வைத்தியம்.

ரோச் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை பிசகி வந்தான். சங்கு எடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. கட்டுப் பிரித்த அன்று அவன் மனைவி மரியசெல்வி என்னைத் தனியாகக் கேட்டாள்.

“அக்கா, எண்ணெ காய்ச்சித் தேய்க்கட்டா? எங்க அம்ம தேய்க்கச் சொல்லுதா.”

“தேயி ஏளா. நல்லா அழுத்தித் தேயி.”

“வலிக்குன்னு கத்துதாரே.”

“கத்துனா கத்தட்டும்.”

நான் சொன்னது அவ்வளவுதான். அந்தக் கையை நான் ஒரு நாளும் தேய்த்ததில்லை. அவள்தான் காலையும் மாலையும் மடியில் வைத்துத் தேய்த்தாள். மழைக்காலம் முடிவதற்குள் கை கல்லாகிவிட்டது. நடுவில் ஒரு நாள் எனக்குச் சீலா மீன் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். சங்கு குளிக்கிற மற்றவர்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது.

என் தம்பி சந்தியாகுவும் சங்கு குளித்தவன்தான். படிப்பை முடித்து வந்த எனக்கு முதல் நோயாளி அவன். தோள்பட்டை இறங்கியிருந்தது. முழுசாகக் குணமாக்கி, தெரு முழுக்கப் பெருமை பேசினேன். அந்த வாரமே கடலுக்குப் போனான். முங்கியவன் மேலே வரவில்லை. அந்தத் தோளைச் சரிசெய்த என் கைகளை இன்றும் எனக்குப் பிடிக்காது.

கை மடங்காதவனைச் சங்குத் தோணியில் ஏற்ற மாட்டார்கள். அவன் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கலாம். உயிராவது இருக்கும்.

ரோச்சுக்குக் கரை ஒத்துவரவில்லை. நான் தடுத்தும் கேளாமல், மீன்பிடிக்கப் போன ஒரு சின்ன வள்ளத்தில் ஏறிவிட்டான். வேம்பார் பக்கம் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். தான் தேய்த்ததால்தான் கை கெட்டது என்று மரியசெல்வி நேற்று உங்களிடம் அழுதாளாம். அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவள் தெரியாமல் செய்தாள். நான் தெரிந்தே செய்யவைத்தேன்.

கை நன்றாக இருந்திருந்தால் அவனும் நீந்தி வந்திருப்பான் என்கிறீர்கள். என் தம்பிக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன, டாக்டர்.