சரியாக அலசாத குப்பிகள்

பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் கண்டபடி. வயது நாற்பத்தெட்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலை, ஒன்பது வருடமாக. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சோப்புத் தூள் ஒரு கரண்டி போடச் சொன்னால் நான் மூன்று போடுவேன். நுரை பொங்காவிட்டால் கழுவிய மாதிரியே எனக்குத் தோன்றாது. எட்டுத் தடவை அலச வேண்டும் என்பது உத்தரவு. இடுப்பு வலிக்கிற நாளில் எட்டு, மூன்றாகிவிடும்.

எங்கள் கூடத்தில் ஒரு செடியின் வேர்ச் சத்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து, மார்புப் புற்றுநோய் செல்கள் மேல் சொட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். தட்டில் வளர்க்கிற செல்கள்தான். மனிதர் யாருக்கும் கொடுப்பதில்லை. சென்ற மாதம் ஒரு காலையில் தட்டில் இருந்ததெல்லாம் செத்துக் கிடந்தது. ஆராய்ச்சி அம்மா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்னம்மா, பொண்ணுக்கு வரன் அமைஞ்ச மாதிரி சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அதவிடப் பெருசு. ஒரே நாள்ல அத்தனையும் போச்சு!" என்றார்.

என் அக்காவுக்கு இடது மார்பில் அதே நோய். ஆஸ்பத்திரியில் ஆறு ஊசியில் இரண்டு முடிந்து, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தாள். அன்று மாலை அந்த மருந்து நிரப்பிய பன்னிரண்டு குப்பிகளைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். யாரும் தூண்டிச் செய்யவில்லை. அதன் பிறகு தினம் ஒரு குப்பி குடித்தாள். நான்காம் நாள் மூன்றாவது ஊசிக்குத் தேதி. அக்கா போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை.

"முடி முளைக்குதுடி, தொட்டுப் பாரேன்" என்றாள்.

"குப்பி தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கு. நாளைக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போகவா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதன் பிறகு ஆராய்ச்சி அம்மா அதே சோதனையைப் புதுக் குப்பிகளில் செய்தபோது செல்கள் சாகவில்லை. அதன் பிறகு நான் கழுவிய குப்பியில் வெறும் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரைச் சொட்டுவிட்டார். செத்தன. நேற்று, பத்தாம் நாள், என்னைக் கூப்பிட்டு, "சோப்புதான் கொன்னிருக்கு. நம்ம மருந்து இன்னும் எதையும் கொல்லல" என்றார். திட்டவில்லை. நான் கையிலிருந்த கூடையை விடவில்லையாம். இரண்டு பேர் சேர்ந்து என் விரல்களைப் பிரித்தார்கள்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போயிடும்னு பயந்துட்டு கதை விடாதடி. எனக்குக் கட்டி கரையுது" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே பத்தாவது குப்பியைக் குடித்தாள். என் கையைப் பிடித்துக் கட்டிமேல் வைத்தாள். முன்பு கோலிக்குண்டு அளவு இருந்தது. இப்போது பெரிய குப்பியின் மூடி அளவு இருக்கிறது. நான் கையை எடுத்துக்கொண்டேன். அளவைச் சொல்லவில்லை.

இன்று மீதி இரண்டு குப்பிகளோடும் அக்காவோடும் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் விளையாட்டாகப் பேசுகிறவள் என்று ஊருக்கே தெரியும், அதனால் அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். திருட்டுக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஊசித் தேதி தாண்டி ஏழு நாளாகிறது. இதைச் சீல் வைத்து அவளுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். போலீஸ் காகிதம் என்றால் நம்புவாள்.

இதெல்லாம் நான் என் வாயால் சொன்னது, எழுதியதைப் படிக்கக் கேட்டேன், கூட்டியும் குறைத்தும் எதுவும் இல்லை.

(கையெழுத்து)

திருத்தம்: இந்த வாக்குமூலம் மேற்படி அக்காவுக்கு முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. கேட்டு முடித்தபின், இன்றைய வேளை என்று சொல்லி, மேசைமேல் சாட்சிப் பொருளாக வைத்திருந்த குப்பிகளில் ஒன்றைத் திறந்து குடித்துவிட்டார். ஆகவே மேலே "இரண்டு குப்பிகள்" என்று உள்ளதை ஒன்று என வாசிக்கவும்.