குதிகாலுக்கு ஒரு ஜெபம்

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். ஜீவனஹள்ளிப் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். ஆண்மைக் குறைவுக்கு அவர் அதிர்வலைச் சிகிச்சை பெற்றுத் திரும்புவது அவர்கள் பேச்சிலிருந்தே விளங்கியது.

“அம்மாகிட்ட குதிகால் வலின்னுட்டேன். அதுக்கும் இதே ஷாக்வேவ்தானே குடுக்கறாங்க,” என்றார் அவர்.

“அத்தை பாஸ்டர்கிட்ட சொல்லிட்டாங்க. நாளைக்கு மொத்த சபையும் உங்க குதிகாலுக்கு ஜெபம் பண்ணுது. குணமானா மேடையேறி சாட்சி சொல்லணுமாம்.”

அவர் தலையில் கைவைத்தார்.

“எந்தக் கால்னு சொன்னீங்க?”

“மறந்துபோச்சு.”

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: “சரியாகலன்னா?”

“நொண்டிக்கிட்டே என்கூட வாங்க.”

மறுநாள் காலை எங்கள் ஆலயத்தில் நோயுற்றோருக்காக ஜெபித்தபோது, அந்தக் குதிகாலையும் சேர்த்துக்கொண்டேன். சரியான இடம் கர்த்தருக்குத் தெரியும்.